கெட்டி ரப்பர்

ஜூன் 8, சனி

காருக்கு நான்கு டயரும் மாற்றியாயிற்று. பழையவை மொட்டையாகி உள்ளே கம்பி தெரிய ஆரம்பித்துவிட்டது. இனியும் தள்ளிப்போட முடியாது.

கேகாலையில் பளீலின் கடை. விலை குறைந்த ரகம்தான். இதுவரை கேள்விப்படாத பெயர். எது நல்லது என்று கேட்டதற்குப் பளீல், "சல்லி கூடினது நல்லது சேர். கொறஞ்சது காணும்" என்றார். கூடியது நல்லது, குறைந்தது போதும்: வியாபாரியின் பதில். இரண்டையும் அருகருகே வைத்து நகத்தால் அழுத்திப் பார்த்தேன். விலை கூடியதில் நகம் லேசாகப் பதிந்தது. மலிவானதில் பதியவேயில்லை. எனக்கு அதற்குமேல் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்பா தோட்டத்து ரப்பர் ஸ்டோரில், பாலைத் தகடாக உறையவைத்துக் காயப்போட்ட சீட்டுகளைத் தரம் பிரித்தவர். பிசுபிசுக்கிற சீட்டை மூன்றாம் தரமென்று ஒதுக்குவார். கெட்டியாகக் காய்ந்து, நகத்துக்கு மசியாமல் இருந்தால்தான் முதல் தரம். ரப்பர் பாலில் வளர்ந்தவனுக்கு ரப்பர் தெரியாதா?

எங்கள் பாடசாலை அதிபர் அவர்களின் பொன்மொழியையும் எழுதி வைக்கிறேன். "மலிவானதையே போடுங்க சார். நீங்க ஓட்டுற ஓட்டத்துக்கு அது போதும்." சுமன். என் வகுப்பில் மூன்றாவது வாங்கில் உட்கார்ந்திருந்தவன் இன்று என் பாடசாலையின் அதிபர். நான் இன்னும் உப அதிபர். பெற்றோல் வரிசைக் காலத்தில் ஆரம்பித்த பழக்கம்: அவரும் நிரோஷா டீச்சரும் கேகாலையிலிருந்து அரநாயக்க மலைக்கு என் காரில்தான் வருகிறார்கள். பெற்றோலும் டயரும் மூன்று பங்கு. அதனால் எதைப் போடலாம் என்று சொல்ல அவருக்கும் உரிமை உண்டாம்.

ஜூன் 10, திங்கள்

வெயில். டயரில் புதுசுக்குரிய ரப்பர் மயிர்கள் இன்னும் உதிரவில்லை. கார் சத்தமே இல்லாமல் ஓடியது. நல்ல சாமான்தான்.

ஜூன் 13, வியாழன்

பாடசாலை விட்டு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

தோட்டத்து ரோடு பெரிய வீதியைத் தொடுமுன் ஒரு வளைவு. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமில்லை, கீழே, வெகு கீழே, ரப்பர் மரங்களின் உச்சி. அங்கிருந்து பார்த்தால் 2016இல் மலை சரிந்த இடம் தெரியும், இப்போது புல் மூடிக் கிடக்கிறது. அந்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். கார் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அது திரும்பியது, கார் திரும்பவில்லை. சத்தம் கிடையாது. கைக்கும் காருக்கும் இருந்த தொடர்பை யாரோ அறுத்துவிட்டது போல ஒரு கணம். பிறகு தானாகப் பிடித்துக்கொண்டது.

பின்னால் நிரோஷா வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதிபர் போனில் வலயக் கல்விப் பணிமனையோடு பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்து காரைப் பூட்டப் பார்த்தால் சாவி துவாரத்தில் போகவில்லை. மூன்றாவது தடவைதான் போனது.

ஜூன் 14

மழை இல்லை. கார் அருமையாக ஓடியது. அப்படியென்றால் நேற்று வழுக்கியது டயரா, நானா?

ஜூன் 18, செவ்வாய்

மறுபடியும். மழையில்தான், இந்த முறை ஏற்றத்தில் வந்த பஸ்ஸுக்கு வழிவிட நிறுத்தப் போய். பஸ்ஸின் முன்பக்கம் கண்ணாடி முழுக்க நிறைந்த பிறகுதான் கார் நின்றது. பஸ் டிரைவர் சிங்களத்தில் என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னான்.

அதிபர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "கண்ண ஒருக்கா காட்டிப் பாருங்களேன் சார். வயசு போனா தூரம் மட்டுக்கட்ட முடியாதாம்."

நிரோஷா சிரித்துவிட்டாள். சின்னப் பெண், அவளில் தப்பில்லை. ஆனா அவன்? வயசு போனா. எனக்கு. மூக்கு ஒழுகிக்கிட்டு வகுப்புல இருந்தவன், பின்னத்துக்குப் பொது வகுதி எடுக்கத் தெரியாம முழிச்சவன், எனக்கு வயசு சொல்றான்.

வீட்டுக்கு வந்து மனைவி ராணியிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டே, "ஒங்களுக்கு எதுக்குத்தான் பயமில்ல" என்றாள்.

ஜூன் 19

கண் காட்டினேன். கண்ணில் குறையில்லையாம். சந்தோஷப்பட முடியவில்லை. கண் சரியென்றால் கால்? கால் சரியென்றால் தலை? மிதிக்க வேண்டிய நேரத்தில் மிதிக்கிறேனா என்று எனக்கே எப்படித் தெரியும்?

ஜூன் 20, வியாழன்

டயரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். ஒரே விலையில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது என்கிறார்கள். மலிவானதெல்லாம் ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை. காய்ந்த ரோட்டில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாதாம். ஆனால் ஈரத்தில் ரோட்டைப் பிடிப்பதற்கு ரப்பர் கொஞ்சம் இளகியிருக்க வேண்டுமாம். கெட்டியான ரப்பர் கனகாலம் தேயாது. ஈரத்தில் நிற்காமலும் போகும்.

கெட்டியான ரப்பர்.

நகம் வைத்துப் பார்த்தேனே. அப்பா பிரித்தது விற்கப்போகும் சீட். ரோட்டில் ஓடப்போகும் டயரை நான் சீட் பார்ப்பது போலப் பார்த்து வாங்கியிருக்கிறேன். இதை யாரிடம் சொல்வது?

பின்னேரம் பளீலிடம் போனேன். காற்று சரி பார்த்தார், சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். "டயர்ல ஒண்டும் இல்ல சேர். இதே டயர்தான் ஏன்ட வேனுக்கும். கொழும்புக்குப் போய் வாரன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "சேருக்குத்தான் பயம் புடிச்சிருக்கு" என்றார். பொய் சொல்கிறவர் மாதிரித் தெரியவில்லை. அதுதான் இன்னும் பயம். அவருடைய வேனுக்கு ஒன்றும் இல்லையென்றால் மிச்சம் இருப்பது நான்.

ஜூன் 24, திங்கள்

தூறல். வளைவில் முதலாம் கியரில் ஊர்ந்தேன். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்தே கொன்றான். "சார் இன்னிக்கு தேர் இழுக்கிறாரு," என்றார் அதிபர்.

இறங்கும்போது நிரோஷா சொன்னாள்: "டொக்டர் பஸ்ல போக வேணாங்கிறாரு சார். ஒங்க கார் இருக்கிறதாலதான் எங்க வீட்டுக்காரரு வேலைக்கே விடுறாரு." அவளுக்கு ஏழாம் மாதம். வயிற்றின் மேல் திருத்துகிற கொப்பிகளை வைத்து அணைத்தபடி நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள்.

 டயர் சரியில்லை என்று சொன்னால், ஆராய்ந்து வாங்கியவர் நீங்கள்தானே என்பான் சுமன். என்னில் பிழை என்று சொன்னால் அதோடு முடிந்தது. நாளைக்கே ஆசிரியர் அறையில் கதை ஓடும். சொல்லாமல் இருந்தால் மூன்று உயிர். இல்லை, நான்கு.

ஜூன் 25

காரில் எண்ணெய் ஒழுகுகிறது என்று பொய் சொன்னேன். நிரோஷா லீவு போட்டுவிட்டாள். இப்படி எத்தனை நாள்?

ஜூலை 2, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

எண்ணெய் ஒழுகல் சரியாயிற்று என்று சொல்லி மறுபடி காரையே எடுத்து வருகிறேன். நிரோஷாவுக்கு இன்று கிளினிக். காரில் நானும் சுமனும் மட்டும். பின்னேரம் நல்ல மழை. முழங்கால் வலிக்கிறது, நீங்கள் ஓட்டுங்கள் என்று சாவியைக் கொடுத்தேன். வலியெல்லாம் இல்லை. இன்னொருவர் காலில் அந்த பிரேக் எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்கும் மேலே ஒன்று இருந்தது: அவனுக்கும் வழுக்க வேண்டும் என்று விரும்பினேன். அதே காரில் நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போது பெரிதாகப் படவில்லை.

உற்சாகமாகத்தான் ஓட்டினான். "பாருங்க சார், கார் நல்ல மாதிரித்தானே போவுது." நான் சீட்டின் விளிம்பைப் பிடித்திருந்தேன். வளைவு வந்தது. எதிரே ஒரு நாய் குறுக்கே நடந்தது. அவன் மிதித்தான்.

அதே மௌனம். அதே மிதப்பு. அவன் ஸ்டியரிங்கைத் திருப்புகிறான், கார் நேராகப் போகிறது. ரப்பர் மர உச்சிகள் கண்ணாடிக்குள் வந்தன. கத்தினேனா, தெரியாது. முன்சக்கரம் ஓரத்துப் புல்லில் ஏறி, மண்ணில் புதைந்து நின்றது.

வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நாய் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

சுமன் கேட்டான்: "சார், நீங்க தெனமும் இப்படியா ஓட்டிக்கிட்டு வந்தீங்க?"

"மழை பெஞ்சா."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா?"

பதவி வந்த நாளிலிருந்து அவனை நான் நீ என்று சொன்னதில்லை. அவனும் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. உதடு வெளுத்திருந்தது.

"இல்லதான் சார்," என்றான்.

இருவருமாக இறங்கிக் காரைத் தள்ளி ரோட்டுக்கு எடுத்தோம். அதற்குப் பிறகு அவனால் ஓட்ட முடியவில்லை. மழையில் சுற்றி வந்து நான் ஓட்டினேன், நடை வேகத்தில்.   ஐயோ, என்ன காரியம் செஞ்சேன் நான். அந்த மண் ஈரத்துல எளகியிருந்தா?

ஜூலை 3

பஸ். கார் கராஜில் இருக்கிறது என்று நிரோஷாவுக்குச் சொன்னது சுமன். லீவு மிச்சமில்லை என்று அவளும் எங்களோடு வந்தாள். கூட்டத்தில் ஏறியதும் ஒரு பையனிடம் சிங்களத்தில், "மல்லி, மே மிஸ்ட இட தென்ன," என்று கேட்டு அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தான். பஸ்ஸின் டயர் மொட்டையா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினான். நானும்.

ஜூலை 6, சனி

பளீல் கடைக்குச் சுமனும் வந்தான். அவன் பங்கு இவ்வளவு என்று நான் சொல்லுமுன் தன் பங்கை மேசையில் வைத்தான். விலை கூடிய டயரின் மேல் என் நகம் தானாகப் போனது. பதிந்தது; கையில் ஒட்டுவது போலக்கூட இருந்தது. அப்பா இருந்தால் மூன்றாம் தரம் என்று தூக்கிப் போட்டிருப்பார். சுமன் பார்த்தான். பார்க்காதது போல வெளியே திரும்பி நின்றான்.

கழற்றியதைப் பளீல் கேட்டார். "புதுசு மாதிரியே இருக்கே சேர். மல ஏறாம பள்ளத்துல ஓடுற ஆருக்காவது குடுக்கலாம்." அவர் சொல்வது நியாயம்தான். சமதரையில், வெயிலில், மெதுவாக ஓட்டுகிறவனுக்கு அது காணும். ஆனால் வாங்குகிறவன் ஒருநாளும் மலை ஏறமாட்டான் என்று யார் உறுதி தருவது? வேண்டாம் என்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜூலை 7

நான்கையும் வீட்டின் பின்னால் மண்மேட்டில் படி மாதிரி அடுக்கினேன். தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகாமல் ஓட்டை போட்டு மண் நிரப்பியது பெரிய வேலை. கத்தி இறங்கவேயில்லை. அவ்வளவு கெட்டி.

ஜூலை 18, வியாழன்

காலையிலிருந்து மழை. கார் வளைவில் பிடித்து நின்று திரும்பியது, ஏறும்போதும் இறங்கும்போதும். எனக்குத்தான் இன்னும் பாறைப் பக்கமாகத் தோள் சாய்கிறது. டயர் மாற்றியது போல இதை மாற்ற முடியவில்லை.

அதிபர் பதவி எனக்கு வந்திருக்க வேண்டியதுதான். அதில் என் கருத்து மாறவில்லை.

இன்று நிரோஷா கேட்டாள். "இந்த எடம் வந்தா மட்டும் ரெண்டு பேரும் கப்புன்னு ஆயிர்றீங்க. ஏன் சார்?"

நான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். சுமன் பேசிக்கொண்டிருந்த போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தான். வளைவு முடிந்து பெரிய வீதி வரும்வரை அதை எடுக்கவில்லை.

"ரோடு மோசம் டீச்சர்," என்றான். "சார் பாத்துத்தான் ஓட்டுறாரு."