மஞ்சள் வராத குழாய்

கார்த்திகை 14, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. லேபில் கூட்டம்.

மதியம் அவசரப் பிரிவிலிருந்து ஒரு ரத்தம். பூச்சிமருந்து விஷமா என்று பார்க்க வேண்டும். சீட்டில் பெயர்: முருகேசன், புதூர். என் வீட்டுக்காரர்.

ஓடினேன். வாயில் நுரை. கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி. மக்காச்சோளத்துக்குப் படைப்புழு மருந்து அடிக்கப் போனவர், வரப்பில் கிடந்தாராம். பக்கத்துக் காட்டு அண்ணாச்சிதான் தூக்கி வந்தார்.

கூட வேலை பார்க்கும் மேரியக்கா, "நீ உக்காரு, நான் பாக்கேன்" என்றாள். கேட்கவில்லை. நானே செய்தேன்.

ரத்தத்தில் ஒரு நொதி. நாம் ஊற்றும் கரைசலை அது உடைத்தால் மஞ்சள் வரும். இந்த விஷம் ஏறினால் நொதி முடங்கிவிடும். நிறம் வராது.

வரவில்லை. தண்ணீர் மாதிரி நின்றது.

கரைசல் கெட்டிருக்கும். கெட்டிருக்க வேண்டும், சாமி. என் ரத்தத்தை எடுத்து ஊற்றிப் பார்த்தேன். பளிச்சென்று மஞ்சள். அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

செவ்வாய்

செயற்கை மூச்சு. டாக்டர் கேட்டார்: "அடிக்கும்போது பட்டதா, குடிச்சதா?" தெரியாது என்றேன். குழாயும் சொல்லாது. இரண்டுக்கும் ஒரே வெளுப்பு.

மாமியார்: "எம்புள்ளைய என்னமும் சொன்னியாட்டி?"

அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று காலையில் பேசவே இல்லை. அதுதானோ.



வியாழன்

அவர் ரத்தத்தை மறுபடி பார்த்தேன். லேசாக மஞ்சள் தெரிந்த மாதிரி. பின்னால் வெள்ளைத் தாளை வைத்தேன். இல்லை.

மேரியக்கா குழாயைக் கையிலிருந்து பிடுங்கினாள். "மெஷின்ல வையி. ஒன் கண்ண நம்பாத."

நிறத்தை அளக்கும் மெஷினும் இல்லை என்றது.

ஞாயிறு

வெயில். இன்று நிறம் வந்தது. எலுமிச்சைத் தண்ணீர் அளவுக்கு. மெஷினும் நொதி ஏறியிருக்கிறது என்றது. மதியம் மூச்சுக்குழாயை எடுத்துவிட்டார்கள்.

ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். "குடிச்சியளா?"

கூரையைப் பார்த்தபடி சொன்னார். குரல் கட்டியிருந்தது.

"அடிக்கத்தான் போனேன் செல்வி. குருத்து பூராம் ஓட்டை. ஒரு செடி மிச்சமில்ல. பாத்துக்கிட்டே நின்னேன். என்னமோ ஆயிட்டு. குடிச்சுட்டேன்."

டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். அறை பக்கத்தில்தான். இவரைத் தனியே விட்டுவிட்டு எழுந்து போகப் பயமாக இருக்கிறது.