கொக்கியில் அவள் சாவி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். மோட்டார் ரிப்பேர், ஒன்பதுக்கு மேல்தான் தண்ணீர். வாங்க: தயிர், தீப்பெட்டி, பிளேடு. இந்த ஃபேர்லேண்ட்ஸ் ஏரியாவில் எல்லாம் நடை தூரம். அதற்காகத்தான் என் மனைவி செல்வி குமாரபாளையத்தை விட்டு இந்த அபார்ட்மெண்டை வாடகைக்குப் பிடிக்க வைத்தாள். அவள் நடந்தது எட்டே மாசம்.

கேட் வாட்ச்மேன் ராம்ஜி, பீகார்காரர். செல்வி போன அன்று மாலையே லீவில் ஊருக்குப் போனவர், இன்று திரும்பினார். 'சார், அம்மா வந்தாச்சா?' தூக்கிவாரிப் போட்டது. அன்று காய் வாங்கக் கிளம்பினவள் அவரிடம் சாவியைக் கொடுத்து 'வாரேனுங்க' என்றாளாம். வெளியே கிளம்பும்போது நம் ஆட்கள் 'போறேன்' சொல்ல மாட்டார்கள், 'வாரேன்'தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கடை வாசலில் விழுந்தாள். ஆஸ்பத்திரியோடு சரி. சாவி இன்னும் கேட்டில், சாவிப் பலகையில் எங்கள் நம்பர் கொக்கியில்.

'வருவா' என்றேன். வாய் தவறிவிட்டது.

ஜூன் 4, புதன்

மறுபடி கேட்டார். மறுபடி 'வருவா.' வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அவர் கேட்டால் நன்றாக இருக்கிறது. இரண்டு பேருக்கு அரிசி வைத்துவிட்டேன். பாதி வீண்.

ஜூன் 6, வெள்ளி

மேகமூட்டம். ஓனர் போன்: 'மாசக் கடைசில ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்துருங்க. ரெண்டு சாவியும் வேணுமுங்க.' அந்தச் சாவியைக் கேட்டால் ராம்ஜியிடம் சொல்ல வேண்டிவரும். நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூன் 9, திங்கள்

தயிர் வாங்கித் திரும்பினால் கொக்கி காலி. ராம்ஜியும் இல்லை. லிஃப்டுக்கு நிற்கவில்லை, மூணு மாடியும் ஓட்டம். என் சாவி பையில்தான். எடுக்கவில்லை. பெல் அடித்தேன். உள்ளே ஃபேன் சத்தம். நான்தான் அணைக்க மறந்திருப்பேன். 'செல்வி, நான்தான்.' கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. நிஜமாகவே இருந்தது. பயமே இல்லை. திறக்காமல் போய்விடுவாளோ என்றுதான் கவலை.

எதிர் வீட்டம்மா எட்டிப் பார்த்து, 'ஏனுங்கண்ணா, சாவி தொலைஞ்சுபோச்சுங்களா?'

கீழே ராம்ஜி சாவிப் பலகைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். சாவியெல்லாம் டப்பாவில்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். சொல்லிவிட்டேன். 'அவ செத்துப்போயிட்டா, ராம்ஜி. இனி வர மாட்டா.'

'தெரியும் சார். வந்த மறுநாளே தெரியும்.'

'அப்பறம் எதுக்குங்க தினமும் கேட்டீங்க?'

'நீங்க “வருவா” சொல்றப்போ முகம் நல்லா இருக்கு சார். அதான்.'

சாவியைத் துடைத்து என் கையில் வைத்தார். மாடிக்கு வந்து அதாலேயே கதவைத் திறந்தேன். பெல் அடிக்கவில்லை.