பக்கத்து அறையில் பிரெஞ்சுப் பாடம்

5-7-65 திங்கள்

வெயில். காற்று இல்லை. அனந்தபுரத்தில் பம்ப்செட் லைன், மூன்று கம்பம். குழி வெட்டும் ஆட்கள் பதினோரு மணிக்குத்தான் வந்தார்கள். கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது.

ஐந்தே காலுக்கு வீடு. வாசலில் அந்தச் செருப்பு. ஜெயபாலன். மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை வியாபாரம் செய்யும் நைனார் வீட்டுப் பையன், வயது இருபத்திரண்டு, பையன் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். பாண்டிச்சேரி பத்திர ஆபீஸில் வேலை காலியாம். பழைய பத்திரமெல்லாம் பிரெஞ்சில். பரீட்சை 17-ந் தேதி. என் பெண்டாட்டி சரோஜா பாண்டிச்சேரியில் பிறந்து கான்வென்டில் படித்தவள். அவன் அப்பா எங்கள் கரண்ட் ஆபீசுக்கு வந்து கேட்டார். தாராளமாகச் சொல்லிக்கொடுப்பாள் என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

முன் அறையில் பாடம். நான் பின் அறையில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன். இன்று இறந்தகாலத்தில் ஒரு வகை. ரூல் (எழுத்து தெரியாது, சுவர் வழியாகக் காதில் விழுந்தபடி):

1. 'நாம்' வடிவத்தை எடு. நூ பர்லோன், நாம் பேசுகிறோம்.
2. வால் 'ஓன்' வெட்டு.
3. புது வால் மாட்டு. ஜெ பர்லே, தூ பர்லே, இல் பர்லே. நான், நீ, அவன், அவர்கள், எல்லாத்துக்கும் ஒரே சத்தம். நாம் வந்தால் பர்லியோன். நீங்கள் வந்தால் பர்லியே.

அவ்வளவுதான். நல்ல ரூல். ஐந்து நிமிஷத்தில் பிடிபட்டது. அவன் நாலு தடவை தப்பாகச் சொன்னான். நாலு தடவையும் சிரித்துக்கொண்டே திருத்தினாள். காப்பி ஆறிப்போச்சு என்று நேற்று நான் ஒரு வார்த்தை சொன்னதற்கு மூஞ்சி ஒரு முழம் நீண்டது.

6-7 செவ்வாய்

காலையில் தூறல், தரை கூட நனையவில்லை. மீட்டர் பெட்டி எட்டு வந்தது, இரண்டு உடைசல்.

லைன்மேன் முனுசாமி கம்பத்து மேலிருந்து:
"இன்னா சார், வூட்ல பள்ளிக்கூடம் நடக்குதாமே?"
"வேலையப் பாருய்யா."
"நானும் சேந்துக்கட்டுமா? நைனார் புள்ளைக்கு மட்டுந்தானா?"
கீழே நின்ற ரெண்டு பேரும் சிரித்தான்கள்.

மாலை பாடம். வேறு இரண்டு வகை வினை. 'முடி': நூ ஃபினிசோன். வால் வெட்டி, ஃபினிசே. 'காத்திரு': நூ அத்தாந்தோன், அத்தாந்தே. அதே ரூல். ஒரே ஒரு வினை மட்டும் சண்டி மாடு, 'இரு'. அதற்கு 'எத்தே' என்று தனியாக மனப்பாடம். பரவாயில்லை, ஒன்றுதானே.

அவளை 'மதாம்' என்கிறான். அக்கா என்று கூப்பிட்டால் வாய் வெந்துவிடுமா? கேட்டேன். "பரீட்சைல அப்பிடித்தாங்க சொல்லணும், பழகட்டும்" என்றாள். எல்லாத்துக்கும் ஒரு பதில்.

ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் இறங்கினதும் எழுந்துவிடுவான். நைனார் வீட்டார் ஜைனர்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். அதற்குள் வீட்டுக்குப் போய் இலை முன்னால் உட்கார வேண்டும். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

8-7 வியாழன்

இன்று அந்தக் காலத்தை எங்கே போடுவது என்று. அவள் சொன்னது: வழக்கமாகச் செய்தது. 'சின்ன வயசுல தெனம் ஏரிக்குப் போவேன்' என்கிறோமே, அந்த 'போவேன்'. பிறகு, நடந்துகொண்டிருந்தது. 'பேசிட்டிருந்தேன், மணி அடிச்சுது' என்றால் பேசிட்டிருந்ததுக்கு இது, மணிக்கு வேறு. எனக்கு உடனே புரிந்தது. இழுத்துக்கொண்டு போகிற கம்பி இது, நடுவில் நட்ட கம்பம் மற்றது. அந்த மண்டைக்கு ஏறவில்லை. கன்னத்தில் கை வைத்து யோசிக்கிறான். (கதவு இடுக்கு.)

உதாரணம் சொன்னாள்: "நாங்க சாயங்காலம் பீச்சுக்குப் போவோம். பாடிக்கிட்டே நடப்போம்."

சாப்பிடும்போது கேட்டேன்.
"யாரு நாங்க?"
"எந்த நாங்க?"
"பீச்சுல பாடின நாங்க."
கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது.
"கல்யாணமாகி ரெண்டு மாசம் ஆவுது. எங்க படிச்சே, இன்னா புடிக்கும், ஒண்ணும் கேட்டதில்ல. இப்ப சுவத்துல காது வெச்சிக் கேக்கறீங்களா?"
நான் எழுந்து கை கழுவிவிட்டேன்.

ரசம் சாப்பிடவில்லை. பசி.

9-7 வெள்ளி

மாமா கார்டு போட்டிருக்கிறார். தலை ஆடி. 15-ந் தேதி வந்து பெண்ணை அழைத்துப் போகிறார். ஆடி முழுக்க பாண்டிச்சேரியில்.

பரீட்சை 17. பாண்டிச்சேரியில்.

இரண்டையும் கூட்டிப் பார்க்க டிப்ளமா வேண்டியதில்லை.

அவளிடம், "ஆடிக்குப் போகத்தான் வேணுமா?" என்றேன். "அனுப்பலன்னா நீங்களே எங்க அப்பாகிட்ட சொல்லிக்குங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "போனா திரும்பி நானா வரமாட்டேன்" என்றாள். என்ன அர்த்தம்? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

12-7 திங்கள்

எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும்.

ஆறரை ஆயிற்று, அவன் எழுந்திருக்கவில்லை. மலை கறுத்துவிட்டது. ஆறே முக்கால். சரோ விளக்கைப் போட்டாள். உட்கார்ந்தே இருக்கிறான். அப்படியென்றால் இன்றைக்கு அவனுக்கு ராச்சாப்பாடு கிடையாது. பட்டினி கிடந்து இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதற்கு மேல் அத்தாட்சி வேண்டுமா? எனக்காக ஒரு ஆள் ஒரு வேளைச் சோறு விட்டதில்லை.

சட்டையை மாட்டினேன். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர். எங்கள் தெருவுக்குப் போகிற ஃபியூஸ் மூன்றையும் பிடுங்கிப் பையில் போட்டேன். தெரு இருட்டு. போடா வீட்டுக்கு.

நாளைக்குப் பௌர்ணமி. அது ஞாபகம் இல்லை. கிழக்கே பானை மாதிரி நிலா. சரோ பாயை வாசலுக்கு எடுத்து வந்து போட்டாள். அவன் நோட்டோடு வந்து உட்கார்ந்தான். கரண்ட் போன வீட்டு ஜனம் பூரா வெளியே. எதிர்வீட்டு அம்மா, "இன்னாம்மா அது, பர்லே பர்லேன்னு, நாங்களும் சொல்லட்டுமா" என்றாள். அரைத் தெருவும் சேர்ந்து பர்லே. சரோ கைதட்டிச் சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நான் டிரான்ஸ்ஃபார்மர் நிழலில் பையோடு.

யாரோ ஆபீசுக்கு ஓடிச் சொல்லியிருக்கிறார்கள். முனுசாமி சைக்கிளில் வந்தான். டார்ச் அடித்தான்.
"சார்? நீங்களா?"
"செக் பண்ணிட்டிருந்தேன்."
பையைப் பார்த்தான். கை நீட்டினான். கொடுத்தேன். மாட்டினான். தெரு முழுக்க 'ஓ' என்று சத்தம்.

13-7 செவ்வாய்

முனுசாமி வாயைத் திறக்கவில்லையாம். எதிர்வீட்டு அம்மா பார்த்திருக்கிறாள்.

சரோ சாதத்தைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். வழக்கமாக உட்கார மாட்டாள்.

"நேத்து சதுர்த்தசி. ஜெயபாலன் வூட்ல எல்லாருக்கும் உபவாசம். காலைலேந்து அந்தப் புள்ள ஒண்ணும் சாப்பிடல. போனா மட்டும் சோறா இருக்குது? அதான் இருந்து படிச்சான்."

சாதத்தைப் பிசைந்தேன்.

"என்னைக் கேட்டா சொல்லியிருப்பேன். அவனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். ஊர இருட்டாக்கினாத்தான் உங்களுக்குத் தெரியுமா?"

"நீ அவன்கிட்ட சிரிக்கிறே."

"அவன் தப்பு பண்ணிட்டு மறுபடி கேக்கறான். நீங்க கேக்கறதே இல்ல."

ஒரு பஞ்சாங்கம் பார்த்திருந்தால் போதும். கோபம் அவன் மேல் குறையவில்லை. என் மேல் வந்தது தனி. இப்போது இரண்டு கோபம்.

14-7 புதன்

வேலை: சீயமங்கலம் ரோட்டில் சாய்ந்த கம்பம் நிமிர்த்தல். என்ஜினீயர் மெமோ கொடுக்கவில்லை. முனுசாமிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். "வாணாம் சார்" என்றான், பிறகு குடித்தான்.

மாலை பாடம், கடைசி. நான் முன் அறையிலேயே உட்கார்ந்தேன். மூன்று பேருக்கும் வேர்த்தது. ஜெயபாலன் 'காத்திரு'வில் மாட்டிக்கொண்டான். நூ அத்தாந்தோன் வரை வந்து நின்றுவிட்டான். பொறுக்கவில்லை, "வாலை வெட்டுய்யா! அத்தாந்தே, அத்தாந்தே, அத்தாந்தியோன், அத்தாந்தியே!" என்றேன்.

சரோ என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. சும்மா பார்த்தாள். அவன் சொன்னான், "சாருக்கு வருது மதாம், எனக்குத்தான் வரல."

சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

அவன் போன பிறகு பெட்டி கட்டினாள். அனுப்ப மாட்டேன் என்று மாமாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். வாயில் நிற்கவில்லை.

15-7 வியாழன்

மேகம். மாமா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். வேட்டி, புடவை, ஒரு தார் பழம். "மாப்பிள்ளைக்கு இன்னா முகம் வாடியிருக்குது?" என்றார். வேலை ஜாஸ்தி என்றேன். அனுப்புகிறேன் என்றும் சொன்னேன். ஒரே மூச்சில்.

பஸ் ஸ்டாண்ட். அங்கே ஜெயபாலன், கையில் பெட்டி, இரண்டு நாள் முன்னாலேயே போய்த் தங்குகிறானாம், அதே பஸ். கண்டக்டர் விசில் ஊதிவிட்டான். ஜன்னலில் சரோ. அப்போதுதான் கேட்டேன்.
"நீ சின்ன வயசுல இன்னா பண்ணுவே, சாயங்காலத்துல?"
"இப்பவா கேக்கறீங்க? வண்டி கெளம்புது."
ஏறிவிட்டேன். ஆபீசுக்குச் சொல்லவில்லை. மாமா நகர்ந்து இடம் கொடுத்தார்.

திண்டிவனம் வரை சொன்னாள். அவள் அம்மா இட்லிக்கு ஆட்டும்போது இவள் உப்பு அளந்து போடுவாளாம். மாதா கோயில் மணிக்கு நாய் ஊளையிடுமாம். அதன் பெயர் மறந்துவிட்டது, மறுபடி கேட்டேன், மறுபடி சொன்னாள், சிரித்தாள். மறந்ததற்குத்தான் சிரித்தாள்.

திண்டிவனத்தில் மாறி ஏற வேண்டிய பாண்டிச்சேரி பஸ் தயாராக நின்றது. இறங்கும்போது மெதுவாக, "நானா வரமாட்டேன்னு சொன்னேனே, அது நீங்க வந்து கூட்டிட்டுப் போவணும்னு" என்றாள்.
"ஆவணி ஒண்ணு. முதல் பஸ்."
"சரி."

கூட்டம். மூவரும் அந்த பஸ்ஸில் ஏறினார்கள், நான் கீழே நின்றேன். மாமா ஜன்னலோரம், பக்கத்தில் சரோ, அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு கீரைக்காரம்மா கூடையோடு. ஜெயபாலனுக்கு சீட் கிடைக்கவில்லை. பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தான். நடுவில் யாராவது இறங்கினால் உட்காரலாம் என்று கண்டக்டர் சொன்னான்.

யாரும் இறங்க வேண்டாம். நிற்கட்டும்.