வயசு இல்லை, சுரப்பி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே நான் எழுந்து நடமாடுகிறேன், கழுத்தில் போட்ட தையல் ஆறிவிட்டது. என்ன தையல் என்று பதறாதே, முழுக்கப் படி. போனில் சொன்னால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நாலு வருஷமாக இடுப்பிலும் முழங்காலிலும் வலி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சீருடை தைக்கும் கூடத்தில் மிஷினை விட்டு எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மேற்பார்வைக்காரி நான் நடிக்கிறேன் என்றாள். அப்பா, "உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு" என்றார். நீ மட்டும் என்ன, "வயசாகுதுல்லம்மா, கொஞ்சம் நடங்க" என்றாய். ஐம்பத்திரண்டு ஒரு வயசா? மூன்று மாதம் முன்பு துணிக்கட்டைத் தூக்கினேன், இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. விழவில்லை, இடித்துக்கொள்ளவில்லை, தூக்கினேன், அவ்வளவுதான். கட்டுப் போட்ட எலும்பு டாக்டரம்மா, இந்த வயசில் எலும்பு இப்படிச் சல்லடையாக இருக்கக் கூடாதே என்று பழைய ரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்டார். அதிலேயே கால்சியம் அதிகம் என்று நட்சத்திரம் போட்டிருக்கிறது. நம் தெருமுனை டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான், "கால்சியம் நிறையவே இருக்கு, எலும்புக்கு என்ன குறை" என்று சிரித்து அனுப்பினார். அந்தக் கால்சியம் என் எலும்பிலிருந்து வந்தது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி போல நாலு சுரப்பி உண்டாம், பாராதைராய்டு என்று பேர். அதில் ஒன்று மொச்சைக்கொட்டை அளவு வீங்கி, எலும்பைக் கரைத்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. போன வருஷம் வந்த சிறுநீரகக் கல்லும் அதன் வேலைதான். கழுத்தைத் திறந்து அந்தச் சுரப்பியை வெட்டி எடுத்துவிட்டார்கள். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் மேலும் கோபம் இருந்தது, அதனால்தான்.

நேற்று அந்தத் தெருமுனை டாக்டர் மேசையில் பழைய தாளையும் புதுத் தாளையும் வைத்துப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கவனிக்கலம்மா, தப்புதான்" என்றார். மன்னிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வெளியே ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவள் ரத்தத்தைப் பாருங்கள் என்றேன். அவளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வரை நான் நகரவில்லை.

எலும்பு தேற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். அப்பாதான் சமைக்கிறார், வலிக்கிறதா என்று மணிக்கு நாலு தரம் கேட்கிறார், அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

இது சில குடும்பங்களில் வழிவழியாக வருமாம். நீயும் கால்சியம் பார்த்துவிடு. தாளைப் படம் எடுத்து அனுப்பு, நார்மல்தான் என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டேன். இருவரும் உடம்பில் வலுவோடு நெடுநாள் வாழுங்கள்.

கோபம் பாதி ஆறிய,
உன் அம்மா