முடிச்சுப் போடாத பூச்சி

அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண் நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். நிறமில்லாதது. மூடியைத் திறந்ததும் அந்த வாடை எழுந்தது. அதிகம் பழுத்த வாழைப்பழமும் பெயிண்டும் கலந்த வாடை. நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். விரல்கள் மட்டும் நின்றுவிட்டன.

மற்றவர்களுக்கு அது நகம். எனக்கு அது உன் மேசை. வைஸ் இடுக்கி கவ்விப் பிடித்திருக்கும் தூண்டில் முள். அதன்மேல் நூலும் இறகும் சுற்றி, மீனை ஏமாற்ற நீ செய்த ஏதோ ஒரு பூச்சி. கடைசி முடிச்சின்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு. "காயட்டும், மூச்சு விடாதடி" என்பாய்.

சாயங்காலம் என் அறைக்குப் போகவில்லை. பீளமேட்டின் உள்தெருக்கள் வழியாக நடந்து உன் வீட்டுக்குப் போனேன்.

உன் அம்மா கதவைத் திறந்தார். கழுத்தெல்லாம் வேர்வை.

"வா கண்ணு. வாசல்லயே உக்காரு. உள்ள வேகுது."

"ஃபேன் ரிப்பேருங்களா அம்மா?"

"ரிப்பேரெல்லாம் இல்ல. போடறதில்ல."

நீ போனதிலிருந்து உன் அறையில்தான் படுக்கிறாராம். எனக்குத் தெரியாது. நான் வந்தபோதெல்லாம் முன்கூடத்தோடு திரும்பியிருக்கிறேன். அந்த அறைக்குள் போக முடியாமல்தான்.

இன்று அவரே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். உன் மேசை அப்படியே இருந்தது. வைஸில் ஒரு பூச்சி. அதிலிருந்து ஒரு நூல் இறங்கி, நுனியில் நூல் சுற்றிய பாபின் தொங்கிக்கொண்டிருந்தது. தரையைத் தொடாமல், அசையாமல்.

"ஃபேனப் போட்டா அது ஆடுது கண்ணு. ஆடி ஆடி நூலு அந்துபோச்சுன்னா, அவ சுத்துனதெல்லாம் அவுந்துபோயிருமில்ல?"

போன ஆடியிலிருந்து. இப்போது பங்குனி வெயில்.

"உன்னைய முடிச்சுக் குடுக்கச் சொல்லிக் கேக்கோணும்னு இருந்தேன். கேக்கறதுக்குச் சங்கடமா இருந்துச்சு" என்றார்.

"பாக்கறேனுங்க அம்மா" என்றேன். அவர் காப்பி வைக்கப் போனார். நான் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு விதி இருந்தது. அது உன் அம்மாவுக்குத் தெரியாது. பூச்சியில் யார் என்ன வேண்டுமானாலும் சுற்றலாம். கடைசி முடிச்சு மட்டும் நீதான் போடுவாய்.

*

மில்லில் நூல் சோதிக்கும் அறையில் உனக்கு வேலை. ஒவ்வொரு கோனிலிருந்தும் கொஞ்சம் நூல் எடுத்து, அறுந்துபோகும்வரை இழுத்துப் பார்ப்பது. "நாள் பூரா அறுக்கறேன். ஊட்டுக்கு வந்து எதையாச்சும் கட்டுனாத்தான் தூக்கம் வருது" என்றாய். இப்படித்தான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். இணையத்தில் ஒரு காணொளி. உன் அப்பா பட்டறையில் மிச்சமான சின்ன வைஸ். மில் நூல். பக்கத்து வீட்டுச் சேவலின் கழுத்து இறகு. அந்தச் சேவல் உன்னைக் கண்டாலே மதில் ஏறிவிடும்.

மயில் தோகை கேட்க வேண்டியதே இல்லை. மயில்கள் நம் ஊரில் மொட்டைமாடி வரை வந்துவிட்டன. விழுந்த தோகையிலிருந்து ஓர் இழையை உருவி முள்ளின்மேல் சுற்றினால் அது வண்டின் உடம்பு. பச்சையும் அல்லாத, கறுப்பும் அல்லாத ஒரு மினுக்கம்.

நான் இலக்கியம் படித்தவள். அது என்ன பூச்சி என்று பெயர் கேட்டேன்.

"பேரெல்லாம் தெரியாது."

"அப்ப எந்தப் பூச்சி மாதிரி செய்யற?"

"எந்தப் பூச்சி மாதிரியும் இருக்க வேண்டாம். பூச்சின்னு மீனு நெனச்சாப் போதும்."

இதை நான் எழுத்துக்கும் வைத்துக்கொண்டேன். உன்னிடம் சொன்னதில்லை.

நகப்பூச்சு வாங்கிய அன்று உன் அம்மா சந்தோஷப்பட்டார். மகள் மனம் மாறிவிட்டாள், இனி வரன் பார்க்கலாம் என்று. சாயங்காலம் நீ அதைச் சேவல் இறகில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "நீயாச்சும் சொல்லக் கூடாதா அம்மணி" என்றார். நான் சொன்னேன். நீ எனக்கும் ஒரு முள்ளைக் கொடுத்தாய்.

*

உதகைக்கு மேலே, சோலைக்குள்ளிருந்து வரும் ஓடை. மீன்பிடி அனுமதிச் சீட்டை நீ பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்பில் குத்திக்கொண்டிருந்தாய், பரீட்சை எழுதப் போகிறவள் மாதிரி. தண்ணீரின் குளிர் எலும்பைத் தொட்டது.

ட்ரவுட் மீன் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. ஒரு நிழல் கல்லுக்கு அடியிலிருந்து எழுந்தது. உன் பூச்சிக்குக் கீழே நின்றது. பார்த்தது. நாம் இருவரும் மூச்சு விடவில்லை. அது திரும்பிப் போய்விட்டது.

"பாத்துட்டுப் போறாங்கடி. நம்ம வேலை புடிக்கல" என்றாய். பிறகு தண்ணீரைப் பார்த்து, ஊருக்கு வந்த சம்பந்தியைக் கூப்பிடுவது போல, "ஏனுங்க, வந்தவங்க ஒரு வாய் தின்னுட்டுப் போறதுங்களே" என்றாய்.

மீனுக்கும் மரியாதை. நான் சிரித்ததில் இருந்த மீன்களும் போயின.

மதியத்துக்கு மேல் ஒன்று கடித்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். பக்கவாட்டில் ஓர் இளஞ்சிவப்புப் பட்டை. கையை நனைத்துக்கொண்டு பிடித்தாய், முள்ளைக் கழற்றினாய், தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கையைத் திறந்தாய். அது உடனே போகவில்லை. திறந்த கையில் கொஞ்ச நேரம் நின்றது.

அதைச் செய்த விரல்கள்தாம் அடுத்த வருடம் சட்டைப் பொத்தானில் தடுமாறின.

*

நரம்பு நோய் என்றார்கள். விரல் நுனியில் ஆரம்பித்து உள்ளே வரும் என்றார்கள். நீ அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒருநாள் சும்மா சொல்வது போல, "மலை போதும்டி. கடலுக்குப் போலாம். கொடுவா புடிக்கலாம்" என்றாய்.

கொடுவா வாயகன்ற மீன். அதற்குச் சின்ன வண்டு போதாது. சின்ன மீனைப் போலவே ஒன்று வேண்டும், விரல் நீளத்துக்கு. பெரிய முள். தடித்த நூல். நீண்ட முடி. ஆர்வம் மலையிலிருந்து கடலுக்கு இறங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். உன் கிண்ணத்தில் சின்ன முள்கள் துருப்பிடிப்பதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ட்ரவுட் முள்ளை உன் விரல்களால் இனிப் பிடிக்க முடியவில்லை. பிடிக்க முடிகிற அளவுக்கு நீ மீனை மாற்றிக்கொண்டாய்.

நீண்ட முடிக்குக் காங்கேயம் போனோம். என் மாமாவிடம் சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு மயிலைக் காளை இருந்தது. வால் குஞ்சம் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே தொங்கும்.

"மாமா, வால் முடி கொஞ்சம் வேணுமுங்க."

"எதுக்கு? கண்ணு பட்டுருச்சா?"

"மீன் புடிக்கங்க" என்றாய் நீ.

மாமா உன்னைப் பார்த்தார், காளையைப் பார்த்தார். "மீனு மாட்டு வாலத் திங்குமா?"

"திங்காதுங்க. ஏமாறும்."

"ஏமாத்தறதுக்கு என்ற மயிலையோட வாலா? அதைய அடுத்த மாசம் சந்தைக்கு ஓட்டோணும் அம்மணி. குஞ்சத்துல ஒரு முடி கொறஞ்சாலும் பாக்கறவன் மொதல்ல அதையத்தான் கேப்பான்."

கத்தரிக்கோலை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். உன் கை நடுங்கியதை அப்போது அவர் பார்த்திருக்க வேண்டும். காளையைத் தொட்டிக்கு ஓட்டிப்போய்க் குளிப்பாட்டினார். வாலைச் சீப்பால் வாரினார். வாரியதில் உதிர்ந்ததை மட்டும் ஒரு கற்றையாக்கி உன்னிடம் நீட்டினார்.

"இது அதுவா குடுத்தது. இதுக்குக் கணக்கில்ல."

நீ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாய்.

*

போத்தனூரில் ரயிலேறி, பாலக்காட்டைத் தாண்டி, திருச்சூரில் பஸ் மாறி ஒரு கடலோரக் காயலுக்குப் போய்ச் சேர்ந்தோம். தோணிக்காரர் உன் பூச்சியை விரலில் தொங்கவிட்டுப் பார்த்தார். நனைத்ததும் அது உயிர் வந்ததுபோல் வளைந்தது. என்ன மீன் என்று கேட்டார்.

"காங்கேயம் மீனுங்க" என்றாய்.

தூண்டிலை வீச உன்னால் முடியவில்லை. நான் வீசினேன். நீ சொல்லச் சொல்ல நூலை இழுத்தேன். அலையாத்தி மர வேர்களின் ஓரத்தில் தண்ணீர் உடைந்தது. கம்பு வளைந்தது. பிறகு ஒன்றுமில்லை. இழுத்துப் பார்த்தால் வெறும் முள். மாட்டு முடி முழுக்கப் பிரிந்து போயிருந்தது. உன் முடிச்சு தாங்கவில்லை.

நான் உன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். எனக்கு முடிச்சுப் போட வரும். விரல்களும் நன்றாக இருந்தன. "இனிமே நான் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் நீ சுத்து. முடிச்சு வேண்டாம். அதையும் குடுத்துட்டா நான் வேடிக்கை பாக்கறவளாயிருவேன்."

அன்று அறைக்குத் திரும்பியதும் இன்னொன்று கட்டினோம். வைஸை நாற்காலிக் கையில் பூட்டி, நான் முடியை வைத்துச் சுற்றினேன். முடிச்சு நேரத்தில் நீ குனிந்தாய். வளையத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, மெழுகு பூசிய நூலின் நுனியைப் பல்லில் கடித்தாய். தலையை மெல்லப் பின்னால் இழுத்தாய். கழுத்து நரம்பு புடைத்தது. முடிச்சு இறுகியது.

"மெழுகு டேஸ்ட் நல்லாத்தான் இருக்குது" என்றாய்.

மறுநாள் கொடுவா வந்தது. பூச்சி பிரியவில்லை. மீனை விட்ட பிறகு தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நீ நெடுநேரம் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் பல்லெல்லாம் தெரிந்தது.

*

கட்டுவதற்கு நடுவில் டீ குடிக்கப் போனால் பாபினை அப்படியே தொங்கவிட்டுவிடுவாய். அதன் எடையே நூலை இறுக்கமாக வைத்திருக்கும். "அது பாட்டுக்கு நிக்கும்டி. நம்ம வரவரைக்கும் ஒண்ணும் அவுறாது."

உன் அம்மா பயந்தது தேவையில்லாத பயம். ஃபேன் காற்றில் அறுகிற நூல் இல்லை அது. எவ்வளவு தாங்கும் என்று இழுத்துப் பார்த்துத்தான் நீ எடுத்து வந்திருப்பாய். இதை அவரிடம் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஃபேனைப் போட்டுக்கொள்வார். பாபினும் தொங்கிக்கொண்டிருக்கும். விதியும் பிழைத்திருக்கும்.

குனிந்து பார்த்தேன்.

பெரிய முள் என்று நினைத்திருந்தேன். இல்லை. ட்ரவுட் முள். துருவைத் தேய்த்து எடுத்திருந்தாய். மயில் இழை உடம்பு. சேவல் இறகு ஒரு சுற்று. இறகு சரிந்திருந்தது, உடம்பு ஒரு பக்கம் பருத்திருந்தது. ஆனால் முழுப் பூச்சி. மிச்சமிருந்தது முடிச்சு மட்டும். இதை எப்போது கட்டினாய், எத்தனை முறை பிரித்துக் கட்டினாய், யாருக்கும் தெரியாது. கடைசி வாரங்களில் உன்னால் குனிய முடியவில்லை. பல் நூலை எட்டியிருக்காது.

நீ என்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பாபினைத் தொங்கவிட்டுவிட்டுப் போனாய்.

உன் அம்மா காப்பியோடு வந்து நின்றார். முந்தானையால் நெற்றியைத் துடைத்தார். "அவ திட்டுவாளோ?" என்றார்.

அப்படியானால் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"திட்டுவாளுங்க அம்மா."

"திட்டட்டும்" என்றார். "வந்து திட்டட்டும்."

பாபினைக் கையில் எடுத்தேன். நூலை அதன்மேலேயே சுற்றினேன். அளவாக விட்டு வெட்டினேன். என் விரல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. இருந்தாலும் குனிந்தேன். நுனியைப் பல்லில் கடித்து மெல்லப் பின்னால் இழுத்தேன். மெழுகும் தூசியும். முடிச்சு உள்ளே போய் உட்கார்ந்தது.

இது நான் போட்ட முடிச்சு என்று சொல்ல வரவில்லை. உன் முடிச்சை நான் போட்டேன்.

நகப்பூச்சுப் புட்டியில் அடியில் கொஞ்சம் இருந்தது. கெட்டியாகியிருந்தாலும் ஒரு சொட்டு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம், நானும் உன் அம்மாவும்.

"காஞ்சுதா கண்ணு?"

"காஞ்சுதுங்க."

பூச்சியை வைஸிலிருந்து கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். பார்த்துவிட்டு, "நீயே வெச்சுக்க" என்று திருப்பிக் கொடுத்தார். இப்போது அது என் பர்ஸின் உள்ளறையில், தீப்பெட்டியில் இருக்கிறது. மழை முடிந்ததும் அந்த ஓடைக்கு எடுத்துப் போவேன். வந்தவர் ஒரு வாய் தின்றுவிட்டுப் போகட்டும்.

பிறகு உன் அம்மா சுவரோரம் போய் ஸ்விட்சைப் போட்டார். ஃபேன் முனகியது. ஒரு சுற்று யோசித்தது. சுற்ற ஆரம்பித்தது. இறக்கையில் படிந்திருந்த தூசி எங்கள் மேல் கொட்டியது. மேசையிலிருந்த சேவல் இறகுகள் எழுந்து அறை முழுக்கப் பறந்தன.

யாரும் பிடிக்கப் போகவில்லை. உன் அம்மா கட்டிலில் உட்கார்ந்து, கழுத்தை நிமிர்த்திக் காற்றைப் பார்த்தார்.