கார் கொட்டகைக்கு ஒரு சிவப்புத் தரை

3.9.81 வியாழன்
திருமழபாடிக்கு ஒரு சவாரி. திரும்பி வந்து காரைக் கொட்டகையில் விட்டால் பின் சக்கரம் பாதி புதைகிறது. நேற்றுப் பெய்தது வெறும் தூறல்! தூறலுக்கே இப்படி என்றால் ஐப்பசி அடைமழைக்கு என்ன செய்யப் போகிறேன்? ரோட்டை வருஷா வருஷம் உயர்த்திப் போட்டுவிட்டார்கள். என் கொட்டகை பள்ளத்தில் கிடக்கிறது. திருமானூர்த் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும் போலிருக்கிறது.

போன ஐப்பசியில் பக்கத்து வீட்டு மாயவன், மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்று ஓடி வந்தான். கார் சேற்றை விட்டு அசையவில்லை. கடைசியில் மாட்டு வண்டி கட்டிப் போனார்கள். பாதி வழியில் பிள்ளை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தது பெரிய விஷயம். இன்றைக்கும் அந்தப் பயலைத் தெருவே ‘வண்டிக்காரரே’ என்றுதான் கூப்பிடுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மகள் மலர்கொடி பிரசவத்துக்கு அடுத்த மாதம் வருகிறாள். முதல் பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை வலி எடுத்த உடனே அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஊருக்கெல்லாம் கார் ஓட்டுகிறேன். என் ஒரே பெண்ணுக்கு ஓட்ட முடியாமல் போனால்?

தரை போட்டே ஆக வேண்டும்.

6.9.81 ஞாயிறு
என்ன தரை? யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. கடப்பைக் கல் என்றால் காரின் கனத்துக்கு வெடித்துவிடும். செங்கல் பரப்பினால் மழைக்குப் பெயர்ந்துகொள்ளும். மொசைக் எல்லாம் பாங்கிக்காரர்களுக்கு.

இன்று சவாரிக்காக அரியலூரில் சிமெண்ட் ஆலை இன்ஜினியர் அரங்கநாதன் வீட்டுக்குப் போனேன். அவருடைய கார் ஷெட்டில் சிவப்புக் காவித் தரை. அப்பா! குனிந்தால் என் மீசை தெரிகிறது. “ஜல்லி போட்டு மேலே காவி கலந்து இழைக்கச் சொல்லுங்க செல்லப்பன், யானையே நிக்கலாம்” என்றார்.

என் அப்பா காலம் முழுக்க ஊரார் வயலில் சேறு மிதித்தவர். அவர் பிள்ளையின் கார் கண்ணாடித் தரையில் நிற்கட்டுமே. முடிவு செய்துவிட்டேன்.

7.9.81
குஞ்சம்மாளிடம் சொன்னேன். என் மனைவி எதையும் மெதுவாகக் கேட்கும் ஜாதி இல்லை. “புள்ளைத்தாச்சிப் பொண்ணு படுக்குற ரூமு பொரிஞ்சு கெடக்கு. அதை வுட்டுட்டு காருக்கு காவித் தரையாம்! நான் போயி அந்தக் காரு டிக்கியில படுத்துக்கிறேன், போங்க!”

ரூமும் பூசித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் சோறு வந்தது.

28.9.81 திங்கள்
கொத்தனார் கருப்பண்ணன் வேலை ஆரம்பித்துவிட்டான். சேற்றை அள்ளிக் கொட்டி, செங்கல் ஜல்லி போட்டு அடித்துக் கெட்டிப்படுத்தியாயிற்று. கார் மாயவன் வீட்டுப் புளியமரத்தடியில். காக்கைகள் என்ன செய்து வைத்திருக்கின்றன என்று எழுத விருப்பமில்லை.

3.10.81
உள் தரை முடிந்தது. கருப்பண்ணன் கரணையால் இழைத்து இழைத்து, எழுந்து நின்று பார்த்து, மறுபடி உட்கார்ந்து இழைக்கிறான். “அண்ணே, இதுல நீங்க ஷேவிங் பண்ணிக்கலாம்” என்றான். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம். வாசலிலிருந்து ரோட்டுக்கு ஏறும் சரிவு மட்டும் பாக்கி.

6.10.81 செவ்வாய்
என்ன சொல்ல.

சாயங்காலம் சரிவை இழைத்து முடித்துவிட்டுக் கருப்பண்ணன் டீ குடிக்கப் போனான். நானும் கூடப் போய், பேச்சில் ஒரு மணி நேரம் போயிற்று. வந்து பார்த்தால் — சரிவு முழுக்கச் சாணி! வாளியும் கையுமாக நிற்கிறாள் குஞ்சம்மாள். நாளைக்கு ஆயுத பூஜையாம். மெழுகாத தரையோடு பூஜை கும்பிடக் கூடாதாம். அதுவும் புதுத் தரையாம்.

“என்னடி பண்ணி வெச்சிருக்க!” என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

“ஏங்க, புதுசாப் போட்ட தரை வெடிக்காம இருக்க சாணிதானங்க மெழுவுவோம்? அம்மா வூட்டுல அப்படித்தான் செஞ்சாங்க” என்கிறாள். அது மண் தரைடி! மண் தரை! இது சிமெண்டு! ஈரம் காயாத காவியில் அவளுடைய நான்கு விரல்களும் பதிந்து, மேலிருந்து கீழ் வரை வளைவு வளைவாக வரி. கருப்பண்ணன் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். சாணி போயிற்று. வரி போகவில்லை. “இறுகிடுச்சுண்ணே. இனிமே கொத்தி எடுத்துட்டுத்தான் பூசணும்” என்றான். அழுவது போல இருந்தது அவன் முகம்.

அவளும் அழுதாள்.

7.10.81
பூஜை. பூசணிக்காய் உடைத்தோம். அவளோடு பேச்சு இல்லை.

18.10.81 ஞாயிறு
மலர்கொடி வந்துவிட்டாள். முகம் வெளுத்திருக்கிறது. குழந்தையின் தலை இன்னும் கீழே திரும்பவில்லை என்று டாக்டரம்மா சொன்னாராம். பயத்தை மறைத்துக்கொண்டு என்னைக் கிண்டல் செய்கிறாள். “சரிவுல அம்மா போட்ட கோலம் நல்லாத்தான்ப்பா இருக்கு.”

நல்லா இருக்கிறதாம். வருகிறவன் போகிறவனெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போகிறான். உள் தரைக்குத் தினமும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன். அதுவாவது பளபளவென்று இருக்கட்டும். சரிவைக் கொத்திப் பூச நவம்பர் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை வருகிறேன் என்று கருப்பண்ணன் சொல்லியிருக்கிறான். அதற்கு முன்னால் அவனுக்கு ஒழிவில்லை.

5.11.81
மழை. சேறு இல்லை. கொட்டகையில் கார் ராஜா மாதிரி நிற்கிறது. நிம்மதி.

8.11.81 ஞாயிறு
மத்தியானம் வலி எடுத்துவிட்டது. மழை கொட்டுகிறது. கிளம்புகிறோம்.

10.11.81 செவ்வாய்
ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது.

மலர்கொடியைப் பின் சீட்டில் படுக்க வைத்து, குஞ்சம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஸ்டார்ட் செய்தேன். கியர் போட்டேன். முன் சக்கரம் சரிவில் ஏறியது. பின் சக்கரம் ஏறவில்லை. உள்ளேயே நின்று சுற்றுகிறது! சாரல் அடித்து என் கண்ணாடித் தரை முழுக்க ஈரம். எண்ணெய் வேறு. யார் தேய்த்தது? நான்தான். உய்ங் உய்ங் என்று சத்தம்தான் வருகிறது, கார் நகரவில்லை. பின்னால் பெண் “அப்பா... அப்பா...” என்கிறாள். எனக்கு மாயவன் வீட்டு மாட்டு வண்டிதான் கண்ணில் தெரிந்தது. செத்துப் போயிடலாம் போல இருந்துச்சு.

மாயவன் ஓடி வந்து தள்ளினான். வழுக்கி மல்லாக்க விழுந்தான். எழுந்து மறுபடி தள்ளினான். கார் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே கொஞ்சம் முன்னால் போயிற்று. பின் சக்கரம் வாசலைத் தாண்டிச் சரிவைத் தொட்டது.

பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். சறுக்கவே இல்லை. டயருக்குக் கீழே குஞ்சம்மாளின் விரல் வரிகள் ஒவ்வொன்றாகக் கடகடவென்று அடிப்பது எனக்கு ஸ்டியரிங்கில் தெரிந்தது. ஒரே மூச்சில் ரோட்டில் ஏறிவிட்டோம். சரிவும் நான் ஆசைப்பட்ட மாதிரி கண்ணாடியாக இருந்திருந்தால்?

ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. “சரியான நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்க” என்றார் டாக்டரம்மா. இரண்டு பேரும் நலம். நலம். இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன், நலம்.

வராந்தாவில் குஞ்சம்மாளிடம் சொல்லிவிட்டேன். “சரிவுல உன் விரல்தான் குஞ்சு ஏத்திவிட்டுச்சு.” அவள் நம்பவில்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

12.11.81
வீட்டுக்குத் துணி எடுக்க வந்தேன். திங்கட்கிழமை கருப்பண்ணன் உளியும் சுத்தியுமாக வந்து சரிவைக் கொத்த உட்கார்ந்தானாம். அய்யோ என்று மாயவன் ஓடிப்போய் உளியைப் பிடுங்கிக்கொண்டானாம். மகராசன்.

29.11.81 ஞாயிறு
மலர்கொடியும் பிள்ளையும் புதிதாகப் பூசிய ரூமில் தூங்குகிறார்கள்.

கருப்பண்ணனை வரச் சொல்லியிருந்தேன். “எதை அண்ணே கொத்தணும்?” என்றான். உள்ளே கண்ணாடித் தரையைக் காட்டினேன். அவனுக்கு நெஞ்சே வெடித்திருக்கும், பாவம். சக்கரம் நிற்கும் இடங்களில் மட்டும் கொத்தி எடுத்துவிட்டுப் புதுக் கலவை போட்டான். கைப் பழக்கத்தில் இழைக்கப் போனவனை நிறுத்திவிட்டுக் குஞ்சம்மாளைக் கூப்பிட்டேன்.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். “சாணி கரைச்சு எடுத்தாரட்டுங்களா?”

“சாணி வேணாம் தாயே. கை மட்டும் போதும்.”

முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வளைவு வளைவாக, ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்தாள். கருப்பண்ணன் பார்க்கப் பிடிக்காமல் பீடி பற்ற வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

கடைசியில் ஒரு சாண் இடம் மிஞ்சியது. “நீங்க போடுங்க” என்றாள். போட்டேன். வளைவு வரவில்லை, கோணல் மாணலாக வந்தது. கருப்பண்ணன் வந்து அதையாவது சரி செய்யட்டுமா என்று கேட்டான். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.