இடப் பக்கத்து வயலின்

விருத்தாசலம்,
புதன்கிழமை.

அன்புள்ள அகல்யாவுக்கு,

உன் வீட்டுக்காரன் கொளஞ்சிநாதன் எழுதுவது. இங்கே அம்மா நலம். நான் முக்கால்வாசி நலம். மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் சிரித்து மழுப்பிவிடுவேன். நாளைக்குச் சென்னை வரும் தங்கதுரையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் உன் விஷயம். வெள்ளிக்கிழமையோடு ஸ்டுடியோ வேலையை விடுவதாகச் சொன்னாய். விடாதே. முழுதும் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

நாற்பது பேர் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி கம்ப்யூட்டரிலேயே அந்த இசையைச் செய்து முதலில் எனக்குத்தான் அனுப்பினாய். வயலின்களை இடப் பக்கமும், பெரிய வயலின் மாதிரி அடிக்குரலில் பேசுகிற செல்லோவை வலப் பக்கமும் உட்கார வைத்திருப்பதாகச் சொன்னாய். நான் இயர்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, வயலின் பக்கத்துத் தெருவில் வாசிக்கிறது என்றேன். பெரிய ரசிகன் பார்! நீ கூட்டினாய். போதாது என்றேன். "சத்தத்தை மட்டும் ஏத்துனா பத்தாதுங்க, வில்லை அழுத்தி வாசிச்சா அதோட குரலே மாறும்" என்று சொல்லி, கீபோர்டு ஓரத்திலிருக்கும் அந்தச் சின்னச் சக்கரத்தைத் தள்ளி அதையும் மாற்றினாய். அது எனக்குப் புரிந்தது. சுட்ட கோப்பையை நகத்தால் தட்டுவதும் விரல் முட்டியால் தட்டுவதும் ஒரே ஓசையா என்ன? ஆனாலும் மூன்றாம் முறையும் போதாது என்றேன்.

உன் முதலாளி கோதண்டபாணி சார், எல்லாம் இடப் பக்கம் சாய்கிறது, வயலின் கத்துகிறது என்று திருப்பிவிட்டார். "எனக்குக் காதே இல்லீங்க, ஊருக்கே வந்துடறேன்" என்று நீ போனில் அழுதாய்.

காது இல்லாதது எனக்குத்தான் அகல்யா.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்டேன். அவசரத்தில் இயர்போனைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டேன். வயலின் மண்டையைப் பிளந்தது, செல்லோவைக் காணோம். சரியாக மாட்டினேன். செல்லோ வந்தது, வயலின் தெருவுக்குப் போய்விட்டது. நாலைந்து முறை மாற்றிப் பார்த்தேன். இடது காதுக்கு எது போனாலும் அதுதான் தொலைகிறது.

ஆடியிலிருந்தே அந்தக் காது மந்தம். அழுக்கு என்று நினைத்து எண்ணெய் விட்டேன், போனை வலக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். நேற்று டாக்டரிடம் போனேன். பதினான்கு வருஷம் பீங்கான் யூனிட்டில் மண் அரைக்கிற மில் இடப் பக்கம் ஓட நின்றதன் பலனாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்றார். யூனிட்டில் சூப்பர்வைசர் செல்வநாயகி அம்மாவிடம் சொன்னேன். கோப்பைகளுக்குப் பளபளப்பு கிளேஸ் பூசுகிற பக்கம் மாற்றிவிடுகிறேன் என்றார். அங்கே இரைச்சல் இல்லை.

உன்னிடம் சொன்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாய் என்று பயந்துதான் மறைத்தேன். கடைசியில் மறைத்ததே உன்னைப் பெட்டி கட்ட வைத்துவிட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் குறை சொல்வதற்கு முன்னால் நீ செய்தது கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கும். பழைய பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாதவள், அதையா அழித்திருப்பாய்? அதைச் சாருக்குப் போட்டுக் காட்டு. வீட்டுக்காரன் பேச்சைக் கேட்டுக் கெடுத்தேன் என்று பழியை என்மேல் போடு. உன் காது சரியாகத்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பெண்ணாடம் போகிற கரும்பு டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஓடுகிற நேரம் இது. கடக்கும்போது நாலு தரம் திரும்பிப் பார்க்கிறேன். "எவளடா தேடுற?" என்கிறாள் அம்மா.

இன்னும் ஒன்று. தீபாவளிக்கு வேப்பூரில் இறங்கிய உன்னை வண்டியில் கூட்டி வந்தேனே, வழியெல்லாம் என் இடத் தோளில் சாய்ந்து பேசினாய். நானும் ஊம் போட்டுக்கொண்டே வந்தேன். அதில் பாதிகூட எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் நீ "சரிங்களா?" என்றாய், நான் சரி என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் ஊர் வரும்வரை நீ பேசவே இல்லை.

அடுத்த முறை வரும்போது வலத் தோளில் சாய்ந்துகொண்டு, அதை முதலிலிருந்து சொல்லம்மா.

உன்,
கொளஞ்சிநாதன்